கணவாய்க்கு வடக்கே, கணவாய்க்குத் தெற்கே

கொடுமுடியில் காவிரி கிழக்கே திரும்புகிறது. அந்தத் திருப்பத்தை ஒட்டிய வயல்களில் தொழி உழவு நடக்கும் நாளில் போய்ப் பாருங்கள். டிராக்டரின் இரும்புச் சக்கரத்துக்கு இரண்டு முழம் பின்னால் உண்ணிக்கொக்குகள் நடந்து வரும். புரளும் சேற்றிலிருந்து பூச்சியும் தவளைக்குஞ்சும் தப்பி ஓடும்போது கொக்கு கழுத்தை மட்டும் இப்படியும் அப்படியும் ஆட்டிக் குறி பார்க்கும், உடம்பு அசையாது, பிறகு ஒரே கொத்து. ஆண்டின் பெரும்பகுதி வெள்ளையாக இருக்கும் இந்தப் பறவைக்கு, கூடு கட்டும் பருவம் வந்தால் தலை, கன்னம், தொண்டை, கழுத்து எல்லாம் ஆரஞ்சு ஏறிவிடும். கன்னத்தைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு.

1758இல் ஸ்வீடன் நாட்டு லின்னேயஸ், எகிப்திலிருந்து தெரியவந்த கொக்கு ஒன்றுக்கு 'ஆர்டியா ஐபிஸ்' என்று பெயர் வைத்தார். 1783இல் டச்சுக்காரரான போடெர்ட், சோழமண்டலக் கரையிலிருந்து தெரியவந்த கொக்குக்குக் 'கோரமண்டா' என்று பெயர் வைத்தார். பின்னால் வந்தவர்கள் இரண்டும் ஒரே இனம் என்று முடிவுகட்டி, போடெர்ட் தந்த பெயரைத் துணையினத்துக்கு ஒதுக்கிவிட்டார்கள். உலகமெங்கும் ஒரே உண்ணிக்கொக்கு என்றுதான் பல தலைமுறைகள் படித்தன. ஆனால் ஆப்பிரிக்கா, ஐரோப்பா பக்கத்துக் கொக்குக்குப் பருவகாலத்தில் உச்சந்தலையும் மார்பும் முதுகும் மட்டுமே வெளிர்மஞ்சளாகும். கன்னம் வெள்ளையாகவே நிற்கும். குரலும் வேறு, உடல் அளவுகளும் சற்று வேறு. உலகப் பறவை ஆர்வலர்கள் குறிப்புகளைச் சேர்க்கும் இ-பேர்ட் 2023இல் இவ்விரண்டையும் தனித்தனி இனங்களாகப் பிரித்தது. மேற்கு உண்ணிக்கொக்கு 'ஐபிஸ்', நம்முடைய கிழக்கு உண்ணிக்கொக்கு 'கோரமண்டா'. 240 ஆண்டுகளுக்குப் பிறகு போடெர்ட் வைத்த பெயர் இனப்பெயராக நிமிர்ந்து நிற்கிறது.

வயலில் நடந்த கொக்கு என்னவோ மாறவில்லை. அதைப் பற்றிய நம் முடிவுதான் மாறியது. பறவை வகைப்பாட்டில் இதை முதலில் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். இனங்களின் பட்டியல் என்பது, அந்தந்தக் காலத்துச் சான்றுகளைக் கொண்டு நாம் போட்டுவைத்திருக்கும் கணக்கு. புதிய சான்று வந்தால் கணக்கு திருத்தப்படும்.

சரி, ஓர் இனம் என்பது எது? இன்றும் பள்ளிப் பாடத்தில் இருக்கும் விடை எர்ன்ஸ்ட் மயர் தந்தது. நியூ கினி காடுகளில் பறவைகளைத் தேடி அலைந்த அவர் 1942இல் வெளியிட்ட நூலில் இதைத் தெளிவாக்கினார்: இயற்கையில் தமக்குள் இணைந்து இனம்பெருக்கும் கூட்டம் ஓர் இனம், அடுத்த கூட்டத்தோடு அப்படிக் கலக்காமல் இருப்பது அதன் எல்லை. ஒரே தோட்டத்தில் வாழும் பறவைகளுக்கு இது அழகாகப் பொருந்தும். செம்மூக்கு ஆள்காட்டியும் மஞ்சள்மூக்கு ஆள்காட்டியும் ஒரே கொங்குக் காட்டில் பக்கத்துப் பக்கத்து வயலில் முட்டையிட்டும் கலப்பதில்லை. இரண்டு இனங்கள் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. சந்திக்கவே வாய்ப்பில்லாத இரண்டு கூட்டங்களை என்ன செய்வது? எகிப்துக் கொக்கும் கொடுமுடிக் கொக்கும் ஒரே மரத்தில் கூடு கட்டினால் கலக்குமா, கலக்காதா? யாரும் பார்க்கும்படி அது நடப்பதில்லை. அங்கேதான் கன்னத்து நிறத்தையும் குரலையும் அளவுகளையும் வைத்து ஊகிக்க வேண்டியிருக்கிறது.

எல்லை என்று நாம் போடும் கோட்டைப் பறவைகளே தாண்டியதும் உண்டு. பல்லடம் பக்கத்துப் பண்ணைக் கோழியின் காலைப் பாருங்கள், மஞ்சளாக இருக்கும். வீட்டுக்கோழியின் மூதாதை தென்கிழக்கு ஆசியாவிலும் வட இந்தியாவிலும் வாழும் செந்நிறக் காட்டுக்கோழி என்பதை டார்வினும் நம்பினார். அது பெருமளவு சரி. ஆனால் அந்தக் காட்டுக்கோழியின் தோலில் மஞ்சள் தேங்காது. உண்ணும் தானியத்திலும் இலையிலும் உள்ள மஞ்சள் நிறமியை அதன் தோலிலுள்ள ஒரு நொதி சிதைத்துவிடும். வீட்டுக்கோழியின் தோலில் அந்த நொதிக்குரிய மரபணு அடக்கப்பட்டிருக்கிறது. அந்த அடக்கம் எங்கிருந்து வந்தது என்று தேடிய ஆய்வாளர்கள் 2008இல் விடை சொன்னார்கள். நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் சத்தியமங்கலம் காட்டிலும் கூவும் சாம்பல் காட்டுக்கோழியிலிருந்துதான் வந்திருக்க வேண்டும். புதுச்சேரியில் தங்கி ஆராய்ந்த பிரெஞ்சுக்காரர் சொன்னேராவின் பெயரைத் தாங்கியிருக்கும் இனம் அது. என்றோ ஒரு நாள் ஒரு காட்டுச் சேவல் ஊரோரத்துக் கோழியோடு சேர்ந்ததன் தடம், இன்று உலகமெங்கும் கோடிக்கணக்கான கோழிகளின் காலில் தெரிகிறது. எனக்குத் தெரிந்த பறவையியல் கண்டுபிடிப்புகளில் நெஞ்சைத் தொட்டவற்றுள் இது ஒன்று. அதற்காக இரண்டு காட்டுக்கோழிகளையும் யாரும் ஒரே இனமாக்கிவிடவில்லை. எல்லையில் கசிவு இருந்தாலும் எல்லை எல்லைதான் என்று இன்றைய வகைப்பாடு ஏற்றுக்கொள்கிறது.

இனத்துக்கு மேலே பேரினம், குடும்பம், வரிசை என்று படிகள் ஏறுகின்றன. அங்கே சிக்கல் வேறு விதமானது. அதைக் கண்ணால் பார்க்க ஈரோட்டுக்குத் தெற்கேயுள்ள வெள்ளோடு ஏரியைவிட நல்ல இடம் கிடையாது. சுமார் 77 ஹெக்டேர் பரப்புள்ள இந்தச் சரணாலயம் 2022இல் ராம்சார் ஈரநிலமாக அறிவிக்கப்பட்டது. தண்ணீர் நிற்கும் காலத்தில் ஏரிக்குள் நிற்கும் மரங்களில் கூழைக்கடா, நீர்க்காகம், பாம்புத்தாரா, மஞ்சள்மூக்கு நாரை, நத்தைகுத்தி நாரை, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன், கொக்குகள் எல்லாம் கிளைக்குக் கிளை நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

இந்தக் கூட்டத்தில் யார் யாருக்கு உறவு? 1758இல் லின்னேயஸ் உலகப் பறவைகள் அனைத்தையும் 6 வரிசைகளில் அடக்கினார். அலகையும் காலையும் பார்த்துத்தான். அவருக்குப் பின் வந்தவர்களும் காலை நம்பினார்கள். ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைக்கும்போது தொலைநோக்கியில் அதன் காலைப் பாருங்கள். வாத்துக்கு முன்பக்கத்து 3 விரல்களை மட்டும் சவ்வு இணைக்கும். நீர்க்காகத்துக்கு உட்புறம் திரும்பிய நான்காம் விரலையும் சேர்த்து 4 விரல்களையும் இணைக்கும். கூழைக்கடாவுக்கும் அப்படியே, பாம்புத்தாராவுக்கும் அப்படியே. இவ்வளவு அபூர்வமான கால் தற்செயலாகப் பலமுறை தோன்றாது என்று எண்ணி மூன்றையும் ஒரே வரிசையில் வைத்தார்கள். நீண்ட காலும் நீண்ட அலகும் கொண்ட நாரை, கொக்கு, அரிவாள்மூக்கன், கரண்டிவாயன் ஆகியவை இன்னொரு வரிசைக்குப் போயின. பார்க்கிற எவருக்கும் நியாயமாகத் தோன்றும் ஏற்பாடுதான்.

ஆனால் கொங்கு நாட்டில் முகச்சாடையைப் பார்த்து யாரும் பங்காளியை முடிவு செய்வதில்லை. காடை கூட்டமா, ஆந்தை கூட்டமா, செம்பூத்தன் கூட்டமா, குலதெய்வம் எந்த ஊர் என்று கேட்டுத்தான் முடிவு செய்வார்கள். வகைப்பாட்டிலும் கடைசியில் கேட்க வேண்டிய கேள்வி வழிவந்த முறையைப் பற்றியதே. அதற்கான கருவிதான் நெடுநாள் இல்லாமலிருந்தது. 1970களிலும் 80களிலும் அமெரிக்காவில் சார்ல்ஸ் சிப்லியும் ஜான் ஆல்க்விஸ்ட்டும் டி.என்.ஏ.வைச் சூடாக்கிப் பார்த்தார்கள். சூடேறினால் டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் பிரியும். ஒரு பறவையின் இழையையும் இன்னொரு பறவையின் இழையையும் கலந்து ஆறவைத்தால் அவை ஓரளவு ஒட்டிக்கொள்ளும். மறுபடி சூடாக்கினால், நெருங்கிய உறவாக இருந்தால் அதிகச் சூட்டில்தான் பிரியும். தூரத்து உறவென்றால் குறைந்த சூட்டிலேயே விட்டுப்போகும். ஏறக்குறைய 1,700 இனங்களை இப்படிச் சோதித்து 1990இல் பெரும் நூலாக வெளியிட்டார்கள். அவர்களுடைய முடிவுகள் பல பின்னர் தள்ளப்பட்டன. ஆனால் பூட்டைத் திறந்தவர்கள் அவர்கள்.

அதன்பின் மரபணு எழுத்துகளை நேரடியாகப் படிக்கும் காலம் வந்தது. 2008இல் 169 இனங்களின் 19 மரபணு இடங்கள், 2014இல் 48 இனங்களின் முழு மரபணுத் தொகுதிகள், 2024இல் 363 இனங்களின் தொகுதிகள் என்று ஆய்வுகள் வளர்ந்தன. வெள்ளோட்டு மரம் தலைகீழானது. கூழைக்கடா, நீர்க்காகத்தை விட்டுப் பிரிந்து கொக்கு, அரிவாள்மூக்கன், கரண்டிவாயனோடு ஒரே வரிசையில் சேர்ந்தது. நீர்க்காகமும் பாம்புத்தாராவும் வேறொரு வரிசைக்குப் போயின. கொக்கின் கூட்டாளி என்று எண்ணியிருந்த நாரைகள் தனி வரிசையாக நிற்கின்றன. நான்கு விரல் சவ்வு, உறவைக் காட்டும் சான்றாக நிற்க முடியாமல் போனது. நீரில் பிழைக்கும் வாழ்க்கை அதை ஒன்றுக்கு மேற்பட்ட வழிகளில் உருவாக்கியிருக்க வேண்டும், அல்லது சில கிளைகள் இழந்திருக்க வேண்டும்.

இதைவிட வியப்பு, ஊர்க்குளத்தில் இருக்கிறது. கொங்கில் தண்ணீர் நிற்கும் எந்தக் குளத்திலும் முக்குளிப்பான் உண்டு. கையடக்கமான, வாலே இல்லாததுபோல் தோன்றும் பழுப்புப் பறவை. நாம் பார்க்கும்போதே முங்கி எங்கோ தள்ளி எழும். உயிரோடிருக்கும் பறவைகளில் இதன் குடும்பத்துக்கு மிக நெருங்கிய உறவு எது தெரியுமா? கோடியக்கரையிலும் பழவேற்காட்டிலும் ஒற்றைக்காலில் நிற்கும் பூநாரை. 2001இல் மூலக்கூறு ஆய்வு இதைச் சொன்னபோது பலர் நம்பவில்லை. பிறகு எலும்புகளைத் திரும்பப் பார்த்தவர்கள், இதற்கு முன் கவனிக்காமல் விட்ட ஒற்றுமைகளைக் கண்டார்கள். அடுத்தடுத்த மரபணு ஆய்வுகளும் அதையே உறுதிப்படுத்தின. அதேபோல், பாறைக்குன்றுகளுக்குக் குளிர்காலத்தில் வரும் பைரி பருந்துக்குச் சொந்தமல்ல. கிளிக்கும் குருவிக்கும்தான் நெருங்கிய சொந்தம். வளைந்த அலகும் கூர்நகமும் வேட்டைத் தொழில் கொடுத்தவை.

மேல்படிகளில் மரபணு இப்படி உலுக்கியது என்றால், அடிப்படியான இனத்தில் என்ன செய்தது என்பதற்கு உலகத்துக்கே எடுத்துக்காட்டாகச் சொல்லத்தக்க சம்பவம் நம் மேற்கில் இருக்கிறது.

ஆடி மாதத்துக் காற்று கொங்கு நாட்டுக்கு எங்கிருந்து வருகிறது என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே மலைத்தொடர் அறுந்து, ஏறக்குறைய 30 முதல் 40 கிலோமீட்டர் அகலத்துக்குத் திறந்து கிடக்கிறது. அதுதான் பாலக்காட்டுக் கணவாய். கணவாயின் தரை கடல்மட்டத்திலிருந்து 150 மீட்டர்கூட இல்லை. இருபுறமும் 2,000 மீட்டரைத் தாண்டிய மலைகள். அந்த உச்சிகளில் புல்வெளிகளுக்கு நடுவே மடிப்புகளில் ஒளிந்திருக்கும் குட்டையான ஈரக்காடுகள்தான் சோலைகள். அங்கே தரையை ஒட்டிய இருட்டில், இலைச்சருகுக்கு மேல் தத்தித் திரியும் ஒரு சிறு நீலப்பறவை இருக்கிறது. சோலைக்கிளி என்று பெயர். கிளி வகையல்ல, ஈப்பிடிப்பான் குடும்பத்துக் குருவி. நீலகிரிப் பக்கம் உள்ளதற்கு வயிறும் விலாவும் செம்பழுப்பு. ஆனைமலை, பழனி மலைப் பக்கம் உள்ளதற்கு வயிறு வெள்ளை.

சென்னை மாகாணத்தில் மருத்துவராக வேலைபார்த்த டி.சி. ஜெர்டன் நீலகிரிப் பறவையை 1844இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார். வெள்ளை வயிற்றுப் பறவை பிறகு பழனி மலையிலிருந்து தெரியவந்தது. இரண்டையும் எங்கே வைப்பது என்று யாருக்கும் நிலையான முடிவு கிடைக்கவில்லை. ஒரு காலத்தில் ஒரு பேரினம், அடுத்த காலத்தில் இன்னொன்று என்று இடம் மாறிக்கொண்டே இருந்தன. 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இரண்டும் ஒரே இனத்தின் இரண்டு துணையினங்கள் என்றே நூல்களில் இருந்தன. சலீம் அலியின் நூல்களில் படித்தவர்களுக்கு அப்படித்தான் தெரியும்.

வி.வி. ராபின், உமா ராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி முதலானோர் அடங்கிய குழு மலை மலையாக ஏறி, மெல்லிய வலையில் பறவைகளைப் பிடித்து, சில துளி இரத்தம் எடுத்துவிட்டுப் பறக்கவிட்டது. மரபணுவில் தெரிந்த பிளவு கணவாயின் மேலேயே விழுந்தது. பல லட்சம் ஆண்டுகளாக இந்தக் குருவிகள் அந்த 30 கிலோமீட்டரைத் தாண்டிக் கலக்கவில்லை. குளிர்ந்த ஈரச் சோலையில் மட்டுமே வாழத் தெரிந்த பறவைக்கு, கீழே கிடக்கும் சூடான சமவெளி கடலேதான். தெற்கே செங்கோட்டைக் கணவாயைத் தாண்டினால் அகத்தியமலைப் பக்கத்திலும் இன்னொரு பிளவு. அங்கே இருப்பது மூன்றாவது இனம் என்று 2017இல் அந்தக் குழு பெயர் சூட்டியது. இவை எல்லாமே இதுவரை வைக்கப்பட்டிருந்த எந்தப் பேரினத்தையும் சேர்ந்தவையல்ல. இமயத்திலும் தென்கிழக்கு ஆசியாவிலும் உள்ள நீல ஈப்பிடிப்பான்கள்தான் சொந்தம் என்றும் தெரிந்தது. அதனால் புதிய பேரினமே உருவாக்கப்பட்டது: 'ஷோலிகோலா', சோலையில் வாழ்வது. சோலைகளில் கூட்டமாகச் சிரித்துத் திரியும் சிரிப்பான்களுக்கும் அதே ஆய்வில் 'மோன்டெசின்க்லா' என்று தனிப் பேரினம் வந்தது. நீலகிரியில் ஒன்று, வயநாட்டின் பாணாசுர மலைப் பக்கம் ஒன்று, ஆனைமலை–பழனியில் ஒன்று, செங்கோட்டைக்குத் தெற்கே ஒன்று என நான்கு இனங்கள். கணவாய்கள் கிழித்த கோடுகளில் இரண்டு குடும்பங்களும் ஒரே மாதிரி பிரிந்திருக்கின்றன. தனித்தனிப் பறவைகள் ஒரே சாட்சி சொல்லும்போது அதை மறுப்பது கடினம்.

இதனால் பறவைக்கு என்ன பயன் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். பயன் பெரிது. அழியும் ஆபத்தில் உள்ளவற்றின் சிவப்புப் பட்டியல் இனத்துக்கு இனம் மதிப்பிடப்படுகிறது. துணையினத்துக்குப் பெரும்பாலும் தனி மதிப்பீடு கிடையாது. பாணாசுரச் சிரிப்பான் இன்னொரு இனத்தின் துணையினமாக இருந்தவரை, வயநாட்டுப் பக்கத்துச் சில உச்சிச் சோலைகளில் மட்டும் வாழும் அந்தச் சின்னக் கூட்டம் பெரிய கணக்குக்குள் கரைந்து கிடந்தது. தனி இனமானதும் அழியும் ஆபத்திலுள்ள இனம் என்று பட்டியலில் ஏறியது. நீலகிரியில் தேயிலையும் யூகலிப்டஸும் சீகையும் சோலைகளைத் தின்றது போக மிஞ்சியதில் எது யாருடைய கடைசி வீடு என்று தெரிய வேண்டுமானால், முதலில் யார் யார் என்று தெரிந்தாக வேண்டும். பெயர் மாற்றங்களைப் பார்த்து, படித்ததை எல்லாம் மறக்கச் சொல்கிறார்களே என்று சலித்துக்கொள்ளும் பறவை ஆர்வலர்களிடம் நான் வாதிடுவது இந்த இடத்தில்தான்.

சலிப்புக்கு நியாயமான காரணம் ஒன்று இருந்தது. உலகில் ஒன்றுக்கு மேற்பட்ட பட்டியல்கள் புழங்கின. ஒன்றில் தனி இனமாக இருப்பது இன்னொன்றில் துணையினமாக இருக்கும். பட்டியல் தயாரித்த அமைப்புகள் உட்கார்ந்து பேசி, 2025 ஜூனில் 'அவிலிஸ்ட்' என்ற பொதுப்பட்டியலை வெளியிட்டன. அதன்படி உலகில் 11,131 பறவை இனங்கள், 252 குடும்பங்கள், 46 வரிசைகள். லின்னேயஸ் போட்ட 6 வரிசைகளிலிருந்து இங்கே வந்து சேர 267 ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

மரபணு வந்தால் எல்லாமே பிரிந்துகொண்டே போகும் என்று எண்ண வேண்டாம். எதிர்ச்சாட்சி கொடுமுடி வயலிலேயே இருக்கிறது. ஐப்பசி வாக்கில் மஞ்சள் வாலாட்டிகள் வந்து இறங்கும். நெல் வயல் வரப்பில் வாலை மேலும் கீழும் ஆட்டியபடி ஓடும் மெலிந்த பறவை. ஐரோப்பாவிலிருந்து சைபீரியா வரை வெவ்வேறு பகுதிகளில் முட்டையிடும் கூட்டங்கள் குளிர்காலத்தில் நம் நாட்டு வயல்களில் ஒன்றாக மேய்கின்றன. வந்த புதிதில் எல்லாம் ஒன்றுபோலவே தெரியும். மாசி, பங்குனியில் ஊர் திரும்பும் முன் ஆண்பறவைகளுக்குப் புதிய இறகு வரும். அப்போது ஒன்றின் தலை கன்னங்கரேல், ஒன்றின் தலை புருவக்கோடு இல்லாத அடர்சாம்பல், ஒன்றுக்கு வெளிர்சாம்பல் தலையில் வெள்ளைப் புருவம், ஒன்றுக்குத் தலையே மஞ்சள். சோலைக்கிளிகளுக்கு வயிற்று நிறம்தான் வேறு, இவற்றுக்கு ஆளே வேறு என்று தோன்றும். இருந்தும் இவை ஒரே இனத்தின் துணையினங்களாகவே வைக்கப்பட்டுள்ளன. ஏனென்றால் அவற்றின் முட்டையிடும் நிலங்கள் ஒன்றோடொன்று தொட்டுக்கொண்டிருக்கின்றன. தொடும் இடங்களில் அவை கலக்கின்றன. இடைப்பட்ட நிறமுள்ள குஞ்சுகள் பிறக்கின்றன. கண்டம் அளவு நிலம் நடுவே கிடந்தும் இந்தப் பறவையைப் பிரிக்கக் கணவாய் இல்லை. தூரக்கிழக்கில் உள்ள கூட்டம் மட்டும் வழிவந்த முறையில் தனி என்று தெரிந்து கிழக்கு மஞ்சள் வாலாட்டியாகப் பிரிக்கப்பட்டது.

இந்தத் துணையினங்கள் எந்தெந்த வயலில், எந்தக் கணக்கில் தங்கிப் போகின்றன என்பதைப் பெரிய ஆய்வகம் எதுவும் உட்கார்ந்து எண்ணுவதில்லை. வரப்பில் நிற்பவர்கள்தான் எண்ண முடியும். இ-பேர்ட் பதிவில் இனத்தோடு துணையினத்தையும் குறிக்க இடம் இருக்கிறது. பங்குனியில் காவிரிக் கரை வயலுக்குப் போகிறவர்கள், வாலாட்டிகள் எத்தனை என்று எண்ணுவதோடு, ஒவ்வொன்றின் தலை என்ன நிறம், புருவக்கோடு உண்டா இல்லையா என்பதையும் எழுதிவைக்கலாம்.